இருவாச்சிக் கூட்டுக்குக் கீழே: ஆனைமலைப் பயணக் குறிப்புகள்

திங்கள், டாப்சிலிப்

பொள்ளாச்சியில் காலை பஸ் பிடித்து, சேத்துமடை செக்போஸ்ட் தாண்டி மேலே வந்து சேர்ந்தேன். இந்த வாரம் முழுக்க ஆனைமலைப் பக்கம்தான். சிறுவர்களுக்கான படக்கதை ஒன்றுக்காகப் பெரிய இருவாச்சியை வரைந்துகொண்டிருக்கிறேன். புகைப்படங்களைப் பார்த்து வரைந்ததில் பறவையின் உருவம் வந்துவிட்டது, அதன் நடவடிக்கை வரவில்லை. கூட்டுப் பக்கத்தில் அது என்ன செய்கிறது என்று கண்ணால் பார்த்தால்தான் மீதிப் பக்கங்கள் நகரும் என்று தோன்றியது. ஏப்ரல் தொடக்கம் அதற்கு நல்ல சமயம். குஞ்சுகள் கூட்டுக்குள் இருக்கும்.

இன்று இருவாச்சி கண்ணில் படவில்லை. வழிகாட்டியோடு போய் ஹூகோ வுட்டின் கல்லறையைப் பார்த்தேன். வெள்ளைக்காரர் காலத்தில் இந்த மலையின் தேக்கு மரங்களை வெட்டிச் சரிவில் உருட்டிவிட்டார்கள். கப்பல் கட்டவும் ரயில் பாதைக்கும் போன மரங்கள் அவை. டாப்சிலிப் என்ற பெயரே அப்படி வந்ததுதான். 1915ஐ ஒட்டி இங்கே வன அதிகாரியாக வந்தவர் வுட். தினமும் நடக்கப் போகும்போது கோட்டுப் பையில் தேக்கு விதைகளை நிரப்பிக்கொள்வாராம். கைத்தடியால் மண்ணில் ஒரு குத்து, குழிக்குள் ஒரு விதை, மறுபடி நடை. 1933இல் இறந்தவரை அவர் விருப்பப்படியே இந்தத் தேக்குகளுக்கு நடுவில் புதைத்தார்கள். கல்லறையில் லத்தீனில் ஒரு வரி: என் நினைவுச் சின்னத்தைத் தேடுகிறாய் என்றால், சுற்றிலும் பார்.

சுற்றிலும் பார்த்தேன். மரங்கள் உயரமாக, நேராக நின்றன. அந்த மனிதரின் விடாப்பிடி எனக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் ஒரே இனம் மட்டும் நிற்கும் தேக்குத் தோட்டம் காடாகிவிடாது. இருவாச்சி தின்னும் அத்தி அதில் இல்லை. பக்கத்தில் கரியன் சோலைக்குள் நுழைந்ததும் வெளிச்சம் பாதியாகி, காற்று குளிர்ந்து, சீகாரப் பூங்குருவி விசிலடித்தது. வித்தியாசத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

செவ்வாய், ஆழியாறு - வால்பாறை

நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ என்று ஒரு காட்சிமுனை இருக்கிறது. அங்கே நின்றால் கீழே ஆழியாறு அணை மொத்தமும் தெரியும். எல்லோரும் அணையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் எதிர்ப்பக்கம், பாறையைப் பார்த்தேன். வரையாடுகள்! ஒரு பெட்டை, அதன் பின்னால் இந்த ஆண்டுக் குட்டி. சாலையோரத் தடுப்புச் சுவர் மேல் ஒருமுறை நின்று பார்த்துவிட்டு, செங்குத்தான பாறையில் ஏறத் தொடங்கின.

தாயின் குளம்பைப் பைனாகுலரில் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெளி விளிம்பு கெட்டியாக, நடுப்பகுதி ரப்பர் போல மெத்தென்று இருக்கும். விளிம்பு பாறையின் சின்ன வெடிப்பில் மாட்டிக்கொள்ள, நடுப்பகுதி வழுக்காமல் ஒட்டிக்கொள்கிறது. குட்டிக்கு இன்னும் அவ்வளவு கைவரவில்லை. ஒரு இடத்தில் பின்னங்கால் சறுக்கியது. இரண்டடி இறங்கி நின்றது. தாய் திரும்பி வரவில்லை, மேலேயே நின்றது. குட்டி அதே இடத்தில் மறுபடி ஏறப் பார்க்காமல், பக்கவாட்டில் நகர்ந்து, புல் முளைத்திருந்த ஒரு கீறலைப் பிடித்து ஏறிப் போய்விட்டது. மொத்தமும் அரை நிமிஷம் இருக்கும். நோட்டில் அந்தக் கால்களை மட்டும் வரைந்து பக்கத்தை நிரப்பினேன்.

1975இல் இயற்கை ஆர்வலர் ஈ.ஆர்.சி. டேவிதார் நடந்தே மலைகளைச் சுற்றி வரையாடுகளைக் கணக்கெடுத்தார். அவர் நினைவாகத்தான் அக்டோபர் 7 வரையாடு தினம். 2024இல் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கு 1031. அடுத்த ஆண்டு 1303. எண்ணிக்கை கூடியதில் நன்றாகத் தேடி எண்ணியதற்கும் பங்கு இருக்கலாம். அப்படியே இருந்தாலும் எனக்கு அது நல்ல செய்திதான். தேடி எண்ண ஆட்கள் கிளம்புகிறார்களே.

புதன், புதுத்தோட்டம்

ரொட்டிக்கடையில் ஒரு வீட்டில் தங்கியிருக்கிறேன். காலையில் புதுத்தோட்டம் போனேன். வால்பாறை டவுனை ஒட்டிய எஸ்டேட், அதன் நடுவே ஒரு துண்டுச் சோலை. தேயிலை வருவதற்கு முன்னால் இந்தப் பீடபூமி முழுவதும் மழைக்காடுதான். 1890களில் வெட்டத் தொடங்கினார்கள். ஓடைக் கரையிலும் சரிவிலும் விட்டுவைத்த துண்டுகள்தான் இன்று மிச்சம்.

அந்தத் துண்டுக்குள் சோலைமந்திகள் வாழ்கின்றன. சிங்கவால் குரங்கு என்றால் இன்னும் பலருக்குத் தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத குரங்கு. மொத்தமே சுமார் 4000 இருக்கலாம் என்பது பொதுவான கணிப்பு. புதுத்தோட்டத்தில் மட்டும் நூறைத் தாண்டும். மரம் விட்டு மரம் தாவியே வாழ்ந்த இனம், கிளைகள் அறுந்துபோன இடத்தில் ரோட்டில் இறங்குகிறது. வாகனத்தில் அடிபட்டுச் சாகிறது. அதற்காகச் சாலைக்கு மேல் இந்தப் பக்க மரத்துக்கும் அந்தப் பக்க மரத்துக்கும் பாலம் கட்டியிருக்கிறார்கள். கீழே காவலர்கள் நின்று வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்கிறார்கள்.

அரை மணி நேரம் நின்றேன். முதலில் ஒரு பெரிய ஆண் பாலத்தில் கடந்தது. அடுத்து வந்த தாய், வயிற்றில் குட்டி தொங்க, பாலத்தின் முனைவரை வந்து, கையை வைத்துப் பார்த்து, திரும்பிப் போய்விட்டது. மறுபடி வந்தது. மறுபடி போனது. காவலர் அண்ணன் இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்தி வைத்துக் காத்திருந்தார். ஒரு கார்க்காரர் ஹாரன் அடித்தார். "ஒரு நிமிஷம் சார், குட்டி வச்சிருக்கு" என்றார் அண்ணன், குரலை உயர்த்தாமல். கடைசியில் அது பாலத்தையும் விட்டுவிட்டு ரோட்டில் இறங்கியே ஓடிக் கடந்தது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். அவருக்கு இல்லை. "பழகணுங்க. இப்ப குறுக்க போகுதே பெரிய பசங்க, அதுங்களும் முதல்ல இப்படித்தான். அதுவரைக்கும் நான் நிக்கிறேன்."

மதியம் நாற்றுப்பண்ணை. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனைச் சேர்ந்த திவ்யா முத்தப்பாவும் டி.ஆர். சங்கர் ராமனும் 2000ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கிய வேலை இது. எஸ்டேட் நிர்வாகங்களோடு பேசி, சீரழிந்த சோலைத் துண்டுகளில் இந்த மலைக்கே உரிய மரங்களை மறுபடி நடுகிறார்கள். விதைகளைப் பெரும்பாலும் ரோட்டோரத்தில் பொறுக்குகிறார்கள். தார் மேல் விழுந்து எப்படியும் நசுங்கப்போகும் விதைகள்தானே. காட்டுக்குள் விழுந்ததை எடுத்தால் காட்டுக்கு நட்டம்.

பைகளில் நாங்கு, கருங்குங்கிலியம், வெடிப்பலா. வெடிப்பலா நாற்றின் இலையைத் திருப்பிப் பார்த்தேன். மேல்பக்கம் சாதாரணப் பச்சை, அடிப்பக்கம் செப்புத் தகடு தேய்த்ததுபோல மினுங்கியது. சோலைமந்திக்கு இதன் பூவும் விதையும் உயிர். பண்ணையில் வேலை செய்யும் அக்கா, முளைக்காத பைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முளைக்காததை என்ன செய்வீங்கக்கா?"

"வச்சிருப்போம். சிலது மூணு வாரத்துல வரும், சிலது மாசக்கணக்குல சும்மா கிடக்கும். செத்துப்போச்சுன்னு கொட்டினா, கொட்டின இடத்துல முளைச்சு நிக்கும்."

நட்டதெல்லாம் பிழைப்பதில்லை. யானை மிதிக்கும், காட்டுமாடு மேயும், உண்ணிச்செடி ஏறி மூடிவிடும், ஒரு கோடை நீண்டால் வாடும். உண்ணிச்செடியை வேரோடு பிடுங்கினாலும் திரும்ப வரும். இவர்களும் திரும்பப் போகிறார்கள். ஏழு முதல் பதினைந்து ஆண்டு கழிந்த இடங்களை அளந்து பார்த்ததில், தானாக வளரவிட்ட இடங்களைவிட நட்டுப் பராமரித்த இடங்களில் மர வகைகளும் நிழலும் கூடுதலாக இருந்தன. இதையெல்லாம் அக்காவிடம் கேட்டால், "இந்த மழைக்கு இவ்வளவு பை போகணும்" என்று வரிசையைக் காட்டுகிறார். அவருடைய கணக்கு அதோடு முடிகிறது.

வியாழன், மழை

நேற்று ராத்திரி இடியோடு தொடங்கிய கோடை மழை மதியம் வரை விடவில்லை. இன்று போக வேண்டிய கூட்டுப் பயணம் நாளைக்குத் தள்ளிப்போனது. தங்கியிருந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வரைய முயன்றேன். தாள் ஈரத்தில் ஊறி வண்ணம் பரவியது. நோட்டை மூடிவிட்டேன்.

இந்தப் படக்கதையை ஒரு பதிப்பகம் திருப்பி அனுப்பிவிட்டது. "குழந்தைகளுக்கு இந்தப் பறவை தெரியாது, சிங்கம் புலி இருந்தால் கொடுங்கள்" என்று இரண்டு வரிக் கடிதம். தெரியாததால்தானே வரைகிறேன். அது வந்த நாளிலிருந்து பென்சிலை எடுக்கும்போதெல்லாம் கை கொஞ்சம் கனக்கிறது என்பதும் உண்மை.

மழையைப் பார்த்துக்கொண்டு பறவையியலாளர் சாலிம் அலியை நினைத்தேன். அவர் கதையில் சிறுவயதுக் குருவியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். தொண்டையில் மஞ்சள் தீற்றல் உள்ள ஒரு சிட்டைச் சுட்டுவிட்டு, அது என்ன பறவை என்று கேட்கப் போனார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் மில்லார்ட் என்ற செயலாளர் சிறுவனை உட்காரவைத்து, பாடம் செய்த பறவைகள் அடுக்கியிருந்த இழுப்பறைகளைத் திறந்து காட்டினார். ஒரு பெரியவர் ஒரு பையனுக்காகக் கொஞ்ச நேரம் ஒதுக்கினார். அந்தப் பகுதி எனக்கும் பிடிக்கும். ஆனால் என்னை உலுக்குவது பின்னால் நடந்தது.

பட்டம் இல்லை என்பதால் விலங்கியல் ஆய்வுத் துறையில் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. மியூசியத்தில் வழிகாட்டியாக இருந்தார். ஜெர்மனி போய்ப் பறவையியல் கற்றுக்கொண்டு 1930இல் திரும்பினால், பணமில்லை என்று அந்த வேலையையே எடுத்துவிட்டிருந்தார்கள். கையில் சம்பளம் இல்லை. மனைவி தெஹ்மினாவோடு பம்பாய்க்கு எதிர்க்கரையில் கிஹிம் என்ற கடலோரக் கிராமத்துக்குக் குடிபோனார். அங்கே வீட்டுக்குப் பக்கத்து மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. வேலையில்லாத மனிதர் ஏணி போட்டு உட்கார்ந்து அவற்றைக் கவனிக்கத் தொடங்கினார். ஆண் குருவி பாதிக் கூடு பின்னும். பெண் வந்து சோதிக்கும். பிடித்தால் தங்கும், பிடிக்காவிட்டால் போய்விடும். அந்தக் கூடு வீண். ஆண் வேறொன்றைத் தொடங்கும். குடியேறிய பெண் முட்டையிட்டதும் அதே ஆண் அடுத்த கூட்டை, அடுத்த துணைக்காகப் பின்னப் போய்விடும். இதையெல்லாம் முறையாக எழுதிய அந்தக் கட்டுரைதான் அவரைப் பறவையியலாளராக உலகத்துக்குக் காட்டியது. மியூசிய வேலை தொடர்ந்திருந்தால் அந்த மழைக்காலத்தில் அவர் கிஹிமில் இருந்திருக்க மாட்டார். மூன்றாண்டு கழித்து, 1933இல், திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்க வந்தார். நான் சனிக்கிழமை இறங்கப்போகும் காடுகள் பழைய கொச்சி சமஸ்தானத்தில் இருந்தவை.

சாயங்காலம் மழை விட்டது. டீக்கடைக்குப் போனேன். கடை அக்காவின் போனில் குறுஞ்செய்தி வந்தது. எந்த எஸ்டேட்டில், எந்தப் பகுதியில் யானைகள் நிற்கின்றன என்று தமிழில் சொல்லும் செய்தி. சற்று நேரத்தில் மேட்டில் கம்பத்திலிருந்த சிவப்பு விளக்கும் எரிந்தது. யாரோ ஒருவர் போனில் அழைத்தே அதை எரியவிடலாம். வால்பாறையில் யானை தாக்கி இறந்தவர்கள் பலர் மாலை நேரத்தில், பஸ் இறங்கி லயத்துக்கு, அதாவது எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, நடந்த வழியில், யானை நிற்பது தெரியாமல் எதிரே போனவர்கள். யானையை விரட்டுவதைவிட, யானை எங்கே என்று மனிதருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது என்று அதே நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனைச் சேர்ந்த ஆனந்த குமாரும் அவருடைய குழுவும் இந்த ஏற்பாட்டைச் செய்தார்கள். 2015இல் அதற்கு, இயற்கைப் பாதுகாப்புக்குத் தரும் விட்லி விருது கிடைத்தது. உள்ளூர் கேபிள் டிவியின் அடியில் ஓடிய எழுத்துகளில் தொடங்கிய முயற்சி அது.

"ஏழு மணிக்கு மேல அந்த வழியா போகாதீங்க கண்ணு. குட்டியோட நிக்குது" என்றார் அக்கா. அவர் குரலில் பயத்தைவிட அந்தக் குட்டி மேல் இருந்த அக்கறைதான் அதிகம் கேட்டது.

வெள்ளி, பெயர் சொல்லாத ஒரு சோலை

எங்கே என்று எழுதப்போவதில்லை. கூடு இருக்கும் இடம் தெரிந்தால் கேமராக் கூட்டம் சேர்ந்துவிடும். ஆண் பயந்து பழம் கொண்டுவராமல் போனால் உள்ளே இருப்பவர்கள் பட்டினி.

மழைக்குப் பின் அட்டைகள் கிளம்பியிருந்தன. உப்புத் துணியைக் கணுக்காலில் கட்டிக்கொண்டு, காவலர் ஒருவரோடு விடியும் முன் போய், தூரத்தில் ஒரு புதருக்குப் பின்னால் உட்கார்ந்தோம். பெரிய, வயதான மரம். தரையிலிருந்து மிக உயரத்தில் ஒரு பொந்து. பொந்து என்றால் வாய் தெரியாது. எச்சமும் பழச்சதையும் குழைத்துப் பூசி அடைத்து, நடுவில் நெட்டாக ஒரு கீறல் மட்டும். தாய் ஜனவரி வாக்கில் உள்ளே போய்த் தன்னைத்தானே அடைத்துக்கொள்ளும். அங்கேயே இறகுகள் உதிர்ந்து புதிதாக முளைக்கும். தாய்க்கும் குஞ்சுக்கும் சாப்பாடு வெளியே இருக்கும் ஆண் ஒன்றுதான்.

முதலில் சத்தம்தான் வந்தது. சிறகு காற்றை அறுக்கும் அந்த ஒலி, பறவை கண்ணில் படுவதற்கு வெகு முன்பே கேட்கும். அப்புறம் கிளையில் வந்து அமர்ந்தது. மஞ்சள் அலகு, தலைமேல் கொண்டை, சிவப்புக் கண். ஆணுக்குத்தான் கண் சிவப்பு, பெண்ணுக்கு வெளுப்பு. உடனே கூட்டுக்குப் போகவில்லை. கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. நாங்கள் மூச்சைக்கூட மெதுவாக விட்டோம். பிறகு தண்டில் தாவி ஒட்டிக்கொண்டு, வாலை மரத்தில் ஊன்றி, தலையை ஒரு குலுக்கு குலுக்கியது. தொண்டையிலிருந்து ஒரு அத்திப்பழம் அலகு நுனிக்கு வந்தது. எவ்வளவு பெரிய அலகு, அதன் நுனியில் எவ்வளவு சின்னப் பழம்! அதைக் கீறலுக்குள் நீட்டியது. உள்ளிருந்து ஒரு அலகு வாங்கிக்கொண்டது. மறுபடி குலுக்கல், மறுபடி ஒரு பழம். இருபது வரை எண்ணினேன், அதற்குமேல் எண்ணுவதை விட்டுவிட்டுப் பார்த்தேன். ஒரு பழம் தவறிக் கீழே விழுந்தது. பறவை அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்ததை எடுத்தது.

ஆண் போன பின் காவலர் மரத்தடியைக் கைகாட்டினார். அருகில் போகவில்லை, பைனாகுலரில் பார்த்தேன். விழுந்த பழங்களும் துப்பிய விதைகளும் குவிந்து, அதில் நாற்றுகள் அடர்த்தியாக முளைத்திருந்தன. வழியெல்லாம் இப்படித்தான் விதையைப் போட்டுக்கொண்டு போகிறது இந்தப் பறவை. புதன்கிழமை அந்த அக்காவின் பைகளில் பார்த்த வேலையேதான்.

ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். இருவாச்சியால் பொந்து குடைய முடியாது. பழைய பெரிய மரத்தில் கிளை முறிந்து, உளுத்து, தானாக உண்டான பொந்துதான் அதற்கு வீடு. கிடைத்த பொந்துக்கே ஆண்டுதோறும் திரும்பும். இன்று நடும் வெடிப்பலாவில் அப்படியொரு பொந்து விழ எத்தனை தலைமுறை ஆகும்! அதனால் நடுவது எவ்வளவு முக்கியமோ, நிற்கும் கிழட்டு மரத்தை வெட்டாமல் விடுவது அதைவிட முக்கியம்.

சனி, மளுக்கப்பாறை - வாழச்சால்

ஜீப்பில் மளுக்கப்பாறை வரை வந்து, கேரள செக்போஸ்ட்டில் பை சோதனை முடிந்து, பஸ் பிடித்தேன். இருபக்கமும் காடு. சாலக்குடி ஆறு மரங்களுக்கு நடுவே தெரிவதும் மறைவதுமாகக் கூடவே வந்தது. தென்னிந்தியாவின் நான்கு வகை இருவாச்சிகளும் வாழும் காடு இது. இந்த ஆற்றில் அதிரப்பள்ளிக்கு மேலே 163 மெகாவாட் மின்திட்டம் ஒன்றைக் கொண்டுவரப் பலமுறை முயன்றார்கள். இந்தக் காட்டின் பழங்குடிகளான காடர் மக்களும் ஆற்றைக் காக்கப் போராடியவர்களும் ஒவ்வொரு முறையும் எதிர்த்து நின்றார்கள். முன்னின்றவர்களில் ஒருவரான லதா அனந்தா 2017இல் காலமாகிவிட்டார். அருவி இன்னும் விழுகிறது.

காடர்கள் முன்பு இருவாச்சிக் குஞ்சுகளைக் கூட்டிலிருந்து எடுப்பார்கள். இன்று அவர்களில் பலர் வனத்துறையோடு சேர்ந்து அதே கூடுகளைக் காக்கிறார்கள். கூடு எங்கே இருக்கும் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? அப்படிக் காவல் பார்க்கும் ஒரு சேட்டனோடு வாழச்சாலில் பேசினேன். தமிழும் மலையாளமும் கலந்து பேசினார். 2018இல் இந்தக் காட்டில் நடந்ததைச் சொன்னார். அப்போது செய்திகளிலும் வந்தது. இறந்து கிடந்த ஒரு ஆண் இருவாச்சியைக் கண்டார்கள். கூட்டுக்காலம் என்பதால், எங்கோ ஒரு பொந்துக்குள் அதை நம்பி உயிர்கள் காத்திருக்கும் என்று புரிந்தது. காட்டில் தேடிக் கூட்டைக் கண்டுபிடித்து, மரத்தில் ஏறி, கீறல் வழியாகப் பழங்களை ஊட்டினார்கள். ஆண் செய்ய வேண்டிய வேலையை மனிதர்கள் செய்தார்கள்.

"எல்லாக் கூடும் ஜெயிக்குமா சேட்டா?" என்று கேட்டேன்.

"எங்க ஜெயிக்கும். மழையில மரம் விழும். பொந்துல தண்ணி இறங்கும். உடும்பு வரும். அந்த மேட்டு மரத்துல போன வருஷம் ஒண்ணும் ஆகல. இந்த வருஷம் அதே ஜோடி ஆத்துக்கு அந்தப் பக்கம் வேற பொந்து பிடிச்சிருக்கு. நேத்து போய்ப் பாத்தேன், ஆண் பழம் கொண்டாருது."

நாளை அந்தக் கூட்டுக்கு மறுபடி போவாராம். குஞ்சு பறக்கும்வரை போய்க் குறித்துக்கொண்டே இருக்க வேண்டும். அவருடைய நோட்டில் மர எண், தேதி, நேரம், என்ன பழம் என்று வரிசையாக எழுதியிருந்தார். சில வரிசைகள் பாதியில் நின்று, குறுக்கே கோடு விழுந்திருந்தன. அடுத்த பக்கத்தில் புது மர எண்ணோடு புது வரிசை தொடங்கியிருந்தது.

சாலக்குடிக்கு பஸ் வந்துவிட்டது. ராத்திரி ரயிலில் திருப்பூர். படக்கதையில் கூட்டுப் பக்கங்களை முழுவதும் மாற்றி வரையப்போகிறேன். கழுத்துக் குலுக்கல், தவறி விழும் பழம், மரத்தடி நாற்றுகள், மரமேறும் மனிதர் எல்லாம் அதில் வர வேண்டும். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் முடித்து, வேறொரு பதிப்பகத்துக்கு அனுப்புவேன்.